இணைப்பு எண் 214

ஒன்பது வருசம் ஒரே எண்ணை எழுதினேன்.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு.
பாறைக்குழிச் சந்து, சாயப்பட்டறை, மும்முனை இணைப்பு.
வாசல் மீட்டர் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருக்கும்.
குறிப்புக் கட்டத்தில் 'உபயோகம் இல்லை' என்று போட்டுவிட்டு
எதிர் பேக்கரியில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன்.
திருப்பூரில் என் வார்டிலேயே
சீக்கிரம் முடிகிற சந்து அது.

ஷகீலா பானு முன்னறையை வாடகைக்குப் பிடித்தது
ஆடிக்காற்று வெட்டுத்துணியை உருட்டிக்கொண்டு போன மாசம்.
கப்பலேறாத பனியன் எட்டு மூட்டை.
இடக்கை அரை இஞ்சு நீளமென்று
டென்மார்க்காரன் தள்ளிவிட்ட சரக்கு.
வேறு யாரும் கிலோ கணக்கில் போட்டிருப்பார்கள்.
அவர் வலக்கையில் அரை இஞ்சு வெட்டினார்.
தப்பு ஒரு இஞ்சானது.
கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர்ந்ததும்
தப்புக்குப் பேர் ஸ்டைல்.
கழுத்துக்குப் பின்னால் லேபிள்: அரை இஞ்சு.
பெங்களூர்ப் பையன்கள் பைக்கில் வந்து வாங்கினார்கள்.

அந்தமுறை 38,460.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இன்னொரு தடவை பார்த்தேன்.
உள்ளே சிவப்புப் புள்ளி
விட்டு விட்டுத் துடித்தது.

அப்புறம் பின்கொட்டகை.
சாயத்தொட்டியை மண்ணடித்து மூடி
ராத்திரி ஏழரைக்கு வள்ளிக்கும்மிப் பழக்கம்.
செக்கிங் முடித்து வந்த பெண்கள் எழுபது பேர்.
தண்ணீர் தெளித்தால் தரை இன்னும் நீலம் கக்கும்,
ஆடிய குதிகாலெல்லாம் நீலம்.
மூன்றாம் வரிசையில்
ஓவர்லாக் பிகாஷின் மனைவி சுலோச்சனா,
கேந்திரபாடாக்காரி.
பாட்டு புரியாது. கால் தப்பாது.

கட்டணப் பிரிவு மாற்றப் படிவத்தை
நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
தொழில் என்றிருந்தது இனி வணிகம்.
"ஏனுங்க, கும்மியடிக்கறது வணிகமுங்களா?"
"அதுக்குன்னு கட்டம் இல்லீங்க இதுல."

காபிக்கடை வந்தது.
தொட்டி மூடியை மேஜையாக்கி
ஒரு காபி நூற்றெண்பது ரூபாய்.
பேக்கரி டீ இன்னும் பன்னிரண்டுதான்.
இரண்டுக்கும் நடுவில் சாக்கடை.
முன்பெல்லாம் அது ஓடுகிற கலரைப் பார்த்து
ஐரோப்பாவில் அடுத்த வருசம் என்ன உடுத்துவார்கள் என்று
சொல்லிவிடுவோம்.
இப்போது அது வெறும் சாக்கடை நிறம்.
நல்லதுதான்.

தை மாசம் ஒரு ஞாயிறு, சந்துக்குள்ளேயே பேஷன் ஷோ.
ஏற்றுமதிப் பலகைகளை அடுக்கி மேடை.
மாடல்கள் எல்லாம் இந்தச் சந்து ஆட்கள்.
லோடு ஆட்டோ சின்னராசு நடந்தான், சிரிப்பை அடக்கமாட்டாமல்.
அடுத்து, லைன்வீட்டு மயிலாத்தா.
பவர்டேபிளில் இருபத்திரண்டு வருசம்,
கை நீண்ட கருஞ்சிவப்புச் சட்டை.
பாதி மேடை வந்திருப்பார்,
டிரான்ஸ்பார்மர் போனது.

இருட்டில் ஒரு குரல், "நீங்க ஈபிதானுங்களே?"
"நான் எண்ணறவ மட்டுந்தானுங்க."

பலகை மேல் செருப்புச் சத்தம் நிற்கவில்லை.
கும்மிக்காரிகள் அதற்குக் கைத்தாளம் போட்டார்கள்.
மைக் இல்லாமல், பாட்டு இல்லாமல்.
ஒவ்வொன்றாக செல்போன் வெளிச்சம் எழுந்தபோது
அவர் மேடை முனையில் திரும்பிக்கொண்டிருந்தார்,
யாரோ வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பார்ப்பவர்போல
நிதானமாக.
லைன்மேன் வர இருபது நிமிசம்.
அந்த இருபது நிமிசம்
எந்த மீட்டரிலும் ஏறவில்லை.

இன்று மறுபடி ரீடிங்.
214: நாற்பத்து நான்காயிரத்து முந்நூற்று இரண்டு.
காபிக்கடைச் சுவரில்
மயிலாத்தா ஆளுயரத்துக்கு நிற்கிறார்,
கருஞ்சிவப்புச் சட்டை, ஓரத்தில் விலை.

பின்னால் லைன்வீடுகள்.
மூவாயிரத்து இருநூறு வாடகை
ஐயாயிரத்து ஐநூறானது பொங்கல் கழித்து.
222, மயிலாத்தா பேரில்.
மீட்டர் உள்ளே இருக்கிறது.
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு
'கதவு பூட்டு' என்று எழுதினேன்.

பெருமாநல்லூர் தாண்டிப் போய்விட்டாராம்.
ஞாயிறு கும்மிக்கு மட்டும்
பஸ் பிடித்து வருவாராம்.

இன்று செவ்வாய்.